பிளக்கைப் பிடுங்கிய பிறகு

போன மாதம் ஒரு தம்பி ஆட்டோவில் 21 இன்ச் கலர் டிவி ஒன்றைப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறவன். பழைய இரும்புக் கடையில் 600 ரூபாய்க்கு வாங்கினானாம். சின்ன வயதில் அக்காவோடு உட்கார்ந்து துப்பாக்கியால் வாத்து சுடும் வீடியோ கேம் விளையாடியிருக்கிறான். அந்தத் துப்பாக்கி இன்றைய எல்இடி டிவியில் வேலை செய்யாது, பிக்சர் ட்யூப் டிவியில்தான் செய்யும். உண்மைதான். ட்யூப் எந்த நேரத்தில் எந்த இடத்தில் வெளிச்சத்தைப் போடும் என்ற கணக்கை நம்பித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

செட் ஓடவில்லை. ஸ்விட்ச் போட்டால் சிவப்பு லைட்கூட எரியவில்லை. செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு தானே திறந்து பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறான். திறப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியதே, அதற்காக அவனை எனக்குப் பிடித்துப் போயிற்று.

"அண்ணாச்சி, பிளக்கப் புடுங்கிட்டா போதும்லா?"

போதாது. இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த ஒரு வார்த்தையை விளக்கத்தான்.

நான் 1991-ல் தூத்துக்குடிப் பக்கம் ஒரு டிவி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தாலும் எங்கள் கடலோரத்து வீடுகளுக்கு முதலில் ஒழுங்காகப் படம் காட்டியது ரூபவாஹினிதான். 1982-ல் அது தொடங்கிய பிறகு மொட்டை மாடிகளில் எல்லாம் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் ஒருவர் மேலே, ஒருவர் ஜன்னல் பக்கம், ஒருவர் டிவி முன்னால் என்று நின்று சத்தம் போடுவார்கள். எங்கள் கடைக்கு ரிப்பேருக்கு வந்த செட்டுகளில் பாதி உப்புக் காற்றால் வந்தவை. போர்டில் பச்சை பூத்திருக்கும். பிக்சர் ட்யூபுக்கு ஹைவோல்ட் கொண்டு போகிற இஎச்டி வயரின் ரப்பர் மூடியை, கேப் என்போம், அதைச் சுற்றி ஈரப் புழுதி படிந்து, செட்டைப் போட்டதும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், கூடவே மழைக்கு முன்னால் வருகிற மாதிரி ஒரு வாசனை. ஹைவோல்ட் கசிகிறது என்று அந்த வாசனையை வைத்தே அண்ணாச்சி சொல்லிவிடுவார்.

அண்ணாச்சி என்று நான் சொல்வது கடை முதலாளியை. ஐடிஐயில் ரேடியோ டிவி மெக்கானிக் படித்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதம் என்னை எந்த செட்டுக்குள்ளும் கை வைக்க விடவில்லை. பெயின்ட் பிரஷால் புழுதி தட்டுவது, பல்லியும் கரப்பானும் போட்டு வைத்த முட்டையைச் சுரண்டி எடுப்பது, செட் முன்னால் கண்ணாடி பிடிப்பது, இவ்வளவுதான் என் வேலை. முகம் பார்க்கிற கண்ணாடிதான். பின்பக்கம் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு முன்பக்கப் படம் தெரிய வேண்டுமே, அதற்கு. தலையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே கை வைப்பவன் என்றைக்காவது அடி வாங்குவான் என்பார். பிறகு கண்ணாடியை ஸ்டூலில் நிறுத்தி வைக்க ஒரு மரச்சட்டம் செய்தோம். அந்தச் சட்டம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நாலாவது மாதம் ட்யூபை டிஸ்சார்ஜ் செய்யக் கற்றுக்கொடுத்தார். அதை நிதானமாகவே சொல்கிறேன்.

பிக்சர் ட்யூபின் தோளில், பின்னாலிருந்து பார்த்தால் மேல்பக்கம், ரப்பர் குடை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இஎச்டி டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற தடித்த வயர் அதில்தான் முடிகிறது. சின்ன கறுப்பு வெள்ளை செட்டில் அங்கே 10,000 வோல்ட் அளவுக்கு இருக்கும். 21 இன்ச் கலர் செட்டில் 25,000 வோல்ட் அளவு. ட்யூபின் வெளிப்பக்கம் கறுப்பாகப் பூசியிருப்பது பெயின்ட் இல்லை, கிராபைட். உள்பக்கமும் மின்சாரம் கடத்தும் ஒரு பூச்சு உண்டு. நடுவில் கண்ணாடி. இரண்டு தகடு, நடுவில் ஒரு தடுப்பு என்றால் அது கண்டென்சர். ஆக, பிக்சர் ட்யூபே ஒரு பெரிய கண்ணாடிக் கண்டென்சர்தான். செட்டை நிறுத்தினாலும் அதற்குள் இருப்பது இருக்கும். பிந்தி வந்த பல செட்டுகளில் இஎச்டிக்கு உள்ளேயே அதை மெதுவாக வடிக்கிற ரெசிஸ்டர் உண்டு. உங்கள் செட்டில் அது இருக்கிறதா, நல்ல நிலையில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

டிஸ்சார்ஜ் செய்ய நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், கைப்பிடி வெடிப்பில்லாமல் முழுசாக இருக்க வேண்டும். அதன் இரும்புத் தண்டில் ஒரு வயரை இறுக்கமாகக் கட்டி, மறுமுனையில் க்ரொகடைல் கிளிப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கிளிப்பை எங்கே மாட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். ட்யூபின் கறுப்புப் பூச்சைத் தொட்டபடி, ஸ்ப்ரிங் போட்டு இழுத்துக் கட்டிய பின்னல் கம்பி ஒன்று ஓடும். கிளிப் அதில்தான் மாட்ட வேண்டும். போர்டில் எங்கேயாவது எர்த் என்று கண்ணில் பட்ட இடத்தில் மாட்டினால் அந்த மொத்த அதிர்ச்சியும் ஐசி வழியாக ஓடும், நல்லா இருந்த ஐசியும் போய்விடும்.

"ஏலே, ஒரு கைய முதுகுக்குப் பின்னால கட்டுல" என்று அண்ணாச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு கையில் நுழைந்து இன்னொரு கை வழியாக வெளியேறுகிற மின்சாரம் நெஞ்சைத் தாண்டித்தான் போகும். ஒரு கை உள்ளே இல்லையென்றால் அந்த வழியே இல்லை. வாட்ச், மோதிரம், கைச் செயின் எல்லாம் முதலிலேயே கழற்றி மேஜை டிராயரில். காலில் ரப்பர் செருப்பு, அதற்குக் கீழே ரப்பர் பாய். பிறகு ஸ்க்ரூ டிரைவரை ட்யூபின் கண்ணாடியை ஒட்டியே சரித்து அந்த ரப்பர் குடைக்குக் கீழே மெதுவாக நுழைக்க வேண்டும். நடுவில் இருக்கிற உலோகக் கொக்கியைத் தொட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு பொறி. சில சமயம் ஒன்றுமே வராது. வராவிட்டாலும் தொட்டதாக நிச்சயம் தெரிகிறவரை வைத்திருக்க வேண்டும்.

ஒரு தடவை செய்தால் முடிந்துவிடாது. கண்ணாடியில் ஊறியிருக்கிற சார்ஜ் சில நிமிடத்தில் திரும்பக் கிளம்பி வரும். அதனால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து இரண்டாவது தடவை. கேப்பைக் கழற்றி வைத்திருந்தால், மறுபடி தொடுவதற்கு முன்னால் மூன்றாவது தடவை. இன்றைக்கு நான் நேரடியாக ஷார்ட் செய்வதில்லை. ஹைவோல்ட் தாங்குகிற ரெசிஸ்டரை நடுவில் போட்ட ஒரு குச்சி வைத்திருக்கிறேன், பொறி இல்லாமல் அமைதியாக வடிந்துவிடும். சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் இதற்கு ஆகாது, அதன் மேலேயே பொறி தாவி ஓடும்.

இந்த வேலையை வீடியோக்களில் நிறையப் பேர் காட்டுகிறார்கள். 'டப்' சத்தம் கேட்கிற மாதிரி மைக்கைக் கிட்டே வைத்துக் காட்டுகிறார்கள். பார்க்கிறவன் இனி பயமில்லை என்று நினைத்துவிடுகிறான். அங்கேதான் எனக்குக் கவலை. ஏனென்றால் என் கையைச் சுட்டது அந்த 25,000 வோல்ட் இல்லை.

1993-ல் ஒரு 20 இன்ச் கலர் செட் வந்தது. இடி மின்னலுக்குப் பிறகு ஓடவில்லை என்றார்கள். அண்ணாச்சி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். ட்யூபை ஒரு தடவைக்கு இரண்டு தடவை டிஸ்சார்ஜ் செய்தேன். சாப்பிட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்தேன். லைன் கரண்டை நேராக்கித் தேக்கி வைக்கிற மெயின் கண்டென்சரில் ஏதாவது நிற்கிறதா என்று மீட்டர் வைத்தும் பார்த்தேன். கறுப்பு முனையை டியூனரின் தகர டப்பாவில் வைத்து, சிவப்பு முனையைக் கண்டென்சரின் பிளஸ் காலில் வைத்தேன். முள் அசையவில்லை. சரி, காலி என்று போர்டை இடது கையால் தூக்கித் திருப்பினேன்.

கண்டென்சரின் இரண்டு ஈயப் புள்ளிகளும் என் விரல்களுக்குக் கீழே இருந்தன. அடித்த அடியில் கை தானாக உதறிக்கொண்டு பின்னால் போனது. போன வேகத்தில் முழங்கை ட்யூபின் கழுத்தில் இடித்தது. கழுத்து மெல்லிய கண்ணாடி. 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம், நிதானமாக, பத்துப் பதினைந்து விநாடி. ஒரு செட்டின் உயிர் போகிற சத்தம் அது. இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் சைக்கிள் டயரில் யாராவது காற்றை இறக்கினால் எனக்கு அந்த மதியம்தான் ஞாபகம் வருகிறது.

விரல் நுனிகளில் இரண்டு வெள்ளைத் தடம். ஒரு வாரம் இருந்தது. ட்யூபின் விலையை அண்ணாச்சி என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. திட்டவும் இல்லை. "கறுப்பு முனைய எங்கலே வச்ச?" என்று மட்டும் கேட்டார். டியூனர் டப்பாவில் என்றேன். அப்புறம் போர்டைத் திருப்பி அடிப்பக்கத்தில் அச்சடித்திருந்த ஒரு கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

அந்தக் கோட்டைப் பற்றித் தெரியாமல் யாரும் ஒரு கலர் டிவியைத் திறக்கக் கூடாது என்பது என் கருத்து. கோட்டுக்கு ஒரு பக்கம் கரண்டோடு நேரடியாகச் சேர்ந்தது. நாங்கள் ஹாட் சைடு என்போம். மறுபக்கம் அதிலிருந்து பிரிக்கப்பட்டது, கோல்டு சைடு. நடுவில், இந்தப் பக்கத்து சக்தியை அந்தப் பக்கத்துக்குக் கொடுக்கிற சாப்பர் டிரான்ஸ்பார்மர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கத்து எர்த் வேறு, அந்தப் பக்கத்து எர்த் வேறு. ஹாட் சைடில் இருக்கிற கண்டென்சரை அளக்க கோல்டு சைடு தகரத்தில் முனையை வைத்தால் மீட்டர் சுழியம்தான் காட்டும். மீட்டர்மேல் குற்றம் இல்லை. அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே தொடர்பே கிடையாது. மெயின் கண்டென்சரை அதன் இரண்டு காலுக்கு நடுவில்தான் அளக்க வேண்டும். வேறு எங்கே வைத்தாலும் அது அளவே இல்லை.

சரி, அரை மணி நேரம் கழித்தும் ஏன் அதில் சார்ஜ் நின்றது? 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் கண்டென்சரில் 325 வோல்ட் டிசி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கிற செட்டின் பிளக்கைப் பிடுங்கினால், செட் அந்தக் கடைசிச் சொட்டையும் தானே குடித்துவிடும். படம் சுருங்கி அணையும்போதே கண்டென்சர் பெரும்பாலும் காலியாகிவிடும். ஓடாத செட்டில் குடிக்க ஆள் இல்லை. சாப்பர் வேலை செய்யவில்லை. அதைக் கிளப்பி விடுகிற ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் கருகி ஓப்பன் ஆகியிருந்தால் சார்ஜ் வடிவதற்கு இருந்த ஒரே சின்ன வாய்க்காலும் அடைத்துப் போயிற்று. அது மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். "ஓடுத செட்டுக்குப் பயப்படாத, ஓடாத செட்டுக்குப் பயப்படு" என்று அண்ணாச்சி அன்று சொன்னதன் அர்த்தம் இதுதான். ரிப்பேருக்கு வருவதே ஓடாத செட்தானே.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 220 மைக்ரோ பாரட் கண்டென்சரில் 325 வோல்ட் நின்றால் அதில் இருக்கிற சக்தி ஏறக்குறைய 12 ஜூல் (joule) வரும். பிக்சர் ட்யூப் 2 நானோ பாரட் என்று வைத்துக்கொண்டால், 25,000 வோல்டிலும் ஒரு ஜூல்கூட வராது. வோல்டைக் கேட்டு ட்யூபுக்குப் பயப்படுகிறோம், சக்தி பதினெட்டு மடங்கு இருப்பது இந்தப் பக்கம், கட்டைவிரல் அளவு கண்டென்சரில். ட்யூபின் அடி சும்மா என்று நான் சொல்லவில்லை. அது உதறவைக்கும். உதறுகிற கை எங்கே போய் இடிக்கும் என்பது யார் கையிலும் இல்லை.

மெயின் கண்டென்சரைக் காலி செய்ய ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்கிற பழக்கம் நிறைய மெக்கானிக்குகளுக்கு உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஈயம் உருகிக் கண்ணில் தெறித்து ஆஸ்பத்திரிக்குப் போனவரை எனக்குத் தெரியும். ஹோல்டரில் ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டி, அதன் இரண்டு வயர் முனைகளைக் கண்டென்சரின் இரண்டு காலில் வைத்தால் போதும். பல்பு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணையும். அப்புறம் மீட்டர் வைத்துச் சுழியம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே குண்டு பல்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரிப்பேர் முடிந்த செட்டை நேராக லைனில் போடக் கூடாது, லைனுக்கும் செட்டுக்கும் நடுவில் தொடராக மாட்டிய சீரிஸ் பல்பு வழியாகத்தான் போட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், போட்ட புது டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். ஒரு நொடி பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் செட் நல்லபடியாகக் கிளம்புகிறது என்று அர்த்தம். திரையில் படிகிற நிறக் கறையைப் போக்குகிற டீகாஸ் காயிலைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி வைத்துவிட்டுச் சோதித்தால் குழப்பம் இருக்காது. ஆனால் ஒன்று, சீரிஸ் பல்பு காப்பாற்றுவது செட்டைத்தான். உங்களை இல்லை. பல்பு போட்டிருக்கிறேன் என்று ஹாட் சைடில் கை வைத்தால் ஷாக் அடிக்கத்தான் செய்யும்.

நம்மைக் காப்பாற்ற ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. 230 உள்ளே, 230 வெளியே, நடுவில் கம்பித் தொடர்பு இல்லை. ஒரு இடத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டால் உடம்பு வழியாகத் தரைக்குப் போக மின்சாரத்துக்கு வழி இருக்காது. இரண்டு இடத்தை ஒரே நேரத்தில் தொட்டால் அதுவும் காப்பாற்றாது. வீட்டில் இருக்கிற டிரிப்பர் ஸ்விட்சும் இந்த டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நடப்பதைக் கவனிக்காது. ஸ்டெபிலைசர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கிறார்கள். ஸ்டெபிலைசர் வோல்டைக் கூட்டிக் குறைக்கும், பிரிக்காது. ஸ்டெபிலைசர் வழியாக வந்தாலும் ஃபேஸ் ஃபேஸ்தான்.

எங்கள் கடைக்கு அபூர்வமாக வந்த வால்வு செட்டுகளில் இது இன்னும் மோசம். சேசிஸ் தகடே லைனின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் மொத்தத் தகடும் ஃபேஸ். அதற்காகவேதான் வெளியில் எல்லாம் மரமும் பிளாஸ்டிக்கும். நாப் உடைந்து போனதும் பிளையரால் திருப்புவார்களே வீடுகளில், அப்போது நினைத்தால் நடுங்குகிறது. நாப் என்பது அலங்காரம் இல்லை, இன்சுலேஷன்.

பழக நினைப்பவர்களுக்கு என் யோசனை 12 இன்ச் கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் செட். அதில் இரும்பு டிரான்ஸ்பார்மர் கரண்டைப் பிரித்து 12 வோல்ட்டாகக் கொடுத்துவிடும். டிரான்ஸ்பார்மரின் லைன் பக்கத்தையும் ட்யூபையும் மட்டும் மரியாதையாக நடத்தினால் மற்ற இடமெல்லாம் நிம்மதியாகப் படிக்கலாம்.

ட்யூபைத் தூக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே காற்று கிடையாது. வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்திக்கொண்டிருக்கிறது. 21 இன்ச் ட்யூபின் முன்முகம் மட்டும் 1,200 சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஒரு டன்னுக்கும் அதிகமான எடையை அந்தக் கண்ணாடி பகலும் இரவும் தாங்கிக்கொண்டு நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. முகத்தைச் சுற்றி இறுக்கியிருக்கிற இரும்புப் பட்டை அதற்காகத்தான். அந்தப் பட்டையைத் தளர்த்தவே கூடாது. ட்யூபைக் கழற்றினால் முகம் கீழே இருக்கிறபடி மடித்த போர்வைமேல் வைக்க வேண்டும். தூக்கும்போது முகத்தின் இரண்டு பக்கமும் பிடித்து நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும், கழுத்தைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை.

2006-லிருந்து அரசு கொடுத்த 14 இன்ச் இலவசக் கலர் டிவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. அந்த நாலைந்து வருடம் எங்கள் தொழிலுக்கு நல்ல காலம். பிறகு அந்த செட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போக ஆரம்பித்தபோதுதான் நான் மிகவும் வருத்தப்பட்ட காட்சியைப் பார்த்தேன். ட்யூபின் கழுத்தில் மாட்டியிருக்கிற யோக் என்ற சுருளில் சுற்றியிருக்கிற செம்புக் கம்பிக்காகச் சின்னப் பையன்கள் கல்லைப் போட்டு ட்யூபை உடைத்தார்கள். ட்யூபின் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, எக்ஸ்ரே வெளியே வராமல் தடுக்கப் போட்டது. முகத்தின் உள்ளே ஒட்டியிருக்கிற வெள்ளைப் பொடியை விரலால் தொடக்கூடக் கூடாது. பையன்கள் அதை முகத்தில் பூசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டு விரட்டிவிட்டுக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். யோக்கை உடைக்காமல் திருகைத் தளர்த்திக் கழற்ற ஐந்து நிமிடம் ஆகும். அதைச் செய்துகாட்டிவிட்டு வந்தேன்.

எக்ஸ்ரே என்றதும் நினைவுக்கு வருகிறது. திரையில் கோடு கோடாகப் படத்தை ஓட்டுகிற லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் பக்கத்தில் 1,600 வோல்ட், 2,000 வோல்ட் என்று எழுதிய கண்டென்சர் ஒன்று இருக்கும். ஒரு கோடு முடிந்து திரும்பும்போது எழுகிற துடிப்பின், ரிட்ரேஸ் பல்ஸின், உயரத்தை அதன் மதிப்புதான் பிடித்து வைத்திருக்கிறது. மதிப்பு குறைவான ஒன்றை, கையில் இருந்தது என்பதற்காகப் போட்டால் ஹைவோல்ட் எகிறும். டிரான்சிஸ்டர் போகலாம், ட்யூபின் கழுத்துக்குள் பொறி பறந்து வெடிப்பு விழலாம், எக்ஸ்ரேயும் கூடும். சர்க்யூட் படத்தில் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட பாகம் எதுவானாலும் அதே மதிப்பு, அதே வகை. ஃபியூஸ் போன இடத்தில் ஒற்றைக் கம்பி சுற்றி விடுவதும் இதே ரகம்தான். ஹாட் சைடுக்கும் கோல்டு சைடுக்கும் நடுவில் நீல நிறத்தில் உட்கார்ந்திருக்கிற சின்னக் கண்டென்சருக்குப் பதிலாகச் சாதாரண செராமிக் ஒன்றைப் போட்டு, அது ஒருநாள் ஷார்ட் ஆனால், கேபிள் வயரைப் பிடுங்க வருகிற குழந்தையின் கையில் ஃபேஸ் வந்து நிற்கும். இந்த மாதிரிப் பாகமெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னும் தேடினால் கிடைக்கிறது. நான் சென்னை போகிறவர்களிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அந்தத் தம்பியின் செட்டுக்கு வருகிறேன். பின்மூடியைக் கழற்றினேன். முதலில் அவனிடம் மீட்டரைக் கொடுத்தேன். கோட்டைக் காட்டினேன். இரண்டு முனையையும் கண்டென்சரின் இரண்டு காலில் வைக்கச் சொன்னேன். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை ஸ்விட்ச் போட்டுப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு ஆட்டோவில் இருபத்தைந்து நிமிடம், என் வாசலில் பேசிக்கொண்டிருந்தது பத்து நிமிடம். மீட்டர் 214 என்று காட்டியது. அவன் ஒன்றும் பேசவில்லை. ஆட்டோவில் அந்த செட்டை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

பல்பை வைத்தோம், சிமிட்டியது, அணைந்தது. மறுபடி மீட்டர், சுழியம். பிறகு ட்யூப். எதிர்பார்த்தபடி அதில் சத்தமே இல்லை, அந்த செட் ஓடி எத்தனை மாதம் ஆயிற்றோ. இருந்தாலும் செய்தோம், டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவையும் செய்தோம். ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் ஓப்பன். இஎச்டி கால்களைச் சுற்றி மோதிரம் மாதிரி ட்ரை சோல்டர், அதாவது ஈயம் பிடிப்பு விட்ட வெடிப்பு. புது ரெசிஸ்டர், புது ஈயம். முன்னால் கண்ணாடிச் சட்டத்தை நிறுத்தினேன். சீரிஸ் பல்பு வழியாக ஸ்விட்ச் போட்டேன். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கியது.

"கீன்னு ஒரு சத்தம் வருது அண்ணாச்சி. உங்களுக்குக் கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. அது 15,625 ஹெர்ட்ஸ், திரையில் படத்தைக் கோடு கோடாக வரைகிற லைன் சர்க்யூட்டின் சத்தம். இளம் வயதில் தெருமுனையில் நின்றே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று சொல்லுவேன். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கையை ஸ்க்ரீனுக்குக் கிட்டே கொண்டு போனேன். மயிர் எழுந்து நின்றது. கண்ணாடியில் மெதுவாக நீலம் பரவியது.

பத்து நிமிடம் ஓடவிட்டோம். ஒரு இடத்தில் ஈயம் எனக்குத் திருப்தியாக இல்லை, இன்னொரு தடவை வைக்க வேண்டும் என்றேன். அவன் ஸ்விட்சை அணைத்தான், பிளக்கைப் பிடுங்கி என் பார்வையில் படுகிற மாதிரி மேஜைமேல் வைத்தான். படம் சுருங்கி ஒரு புள்ளியாகி மறைந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் கிளிப் போட்டுக் கொடுத்திருந்த மீட்டரின் கறுப்பு முனையைக் கண்டென்சரின் மைனஸ் காலில் கவ்வவிட்டு, சிவப்பு முனையைப் பிளஸ் காலில் வைத்தான். 38, 21, 12 என்று இறங்கிக்கொண்டிருந்தது. 3 வருகிறவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.